கேஸ் ஷீட்டின் முதல் வரி

என் மகன் தினகரன் மருத்துவமனையில் இருந்தது நாற்பத்தொரு நாட்கள். அதற்கு முன்னால், என்ன நோய் என்று தெரியாமலே அவன் அந்த நோயோடு வீட்டில் இருந்தது பதினான்கு மாதங்கள். முதல் எண்ணைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. இரண்டாவது எண் அவ்வளவு பெரிதாக ஆகியிருக்க வேண்டியதில்லை. வேறொரு வீட்டில் அது நான்கு வாரமாக இருந்ததைப் பக்கத்துக் கட்டிலிலேயே பார்த்தேன். ஏன் அப்படி ஆனது என்பதை நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். தினகரன் இப்போது நன்றாக இருக்கிறான். இதை எழுதலாம் என்று சொன்னவனும் அவன்தான். மருத்துவமனைகளின் பெயரையும் மருத்துவர்களின் பெயரையும் விட்டுவிட்டேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒரு குப்பத்தில் இருக்கிறோம். என் மனைவி அமுலுவின் தம்பி ராஜியும் நானும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை விடுவது என்பதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. அதைப் பாடு என்போம். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன் என்பதால் அந்த வரிசையை எழுதி வைக்கும் வேலை என்னிடம் இருக்கிறது. ஒரு பெயர் இடம் மாறினால் கைகலப்பு வரும். அதனால் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். அந்தப் பழக்கத்தில் இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பும் எழுதுகிறேன். காற்று, நீர், போன இடம், கிடைத்த மீன், வீட்டில் நடந்தது. நாளுக்கு ஐந்து வரி.

நோய் எப்படித் தொடங்கியது என்று சொல்ல, முதலில் கத்தாளை மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கூட்டமாக இருக்கும்போது நீருக்கடியில் சத்தம் எழுப்பும். எஞ்சினை நிறுத்திவிட்டு, துடுப்பின் அகலமான முனையை நீரில் விட்டு, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டால் கேட்கலாம். எல்லோருக்கும் கேட்காது. எனக்குச் சுமாராகக் கேட்கும். ராஜிக்குச் சுத்தமாகக் கேட்காது. தினகரன் பொன்னேரியில் கல்லூரிப் படிப்பை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு எங்களுடன் படகுக்கு வந்தான். அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. வந்த மூன்றாவது வாரம் துடுப்பில் காது வைத்தவன், "நைனா, வடக்கால இருக்குது. நெறைய பேசினுகீது" என்றான்.

"மாமா, எங்கக்கா புள்ள காலேஜுல மீனு பாஷ படிச்சினு வந்துகீறான்" என்றான் ராஜி.

வடக்கே போனோம். வலை கனத்தது. அன்றைய குறிப்பில் "தினகரனுக்கு நல்ல காது" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

சித்திரையில், துடுப்பை வைக்காமலே கேட்கிறது என்றான். வைகாசியில், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்கிறது என்றான். வேறு ஊரில் ஒரு பிள்ளை தனக்குச் சத்தம் கேட்கிறது என்று சொன்னால் வீட்டார் பயந்திருப்பார்கள். நாங்கள் பெருமைப்பட்டோம். "இன்னாடா, இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று ராஜி தினமும் அவனைக் கேட்டுவிட்டுத்தான் எஞ்சினைக் கிளப்பினான். ஆறு வாரம் எங்கள் படகு என் மகனின் நோய் காட்டிய திசையில் போய் வந்தது. சில நாள் மீன் இருந்தது, சில நாள் இல்லை. எப்போதும் அப்படித்தான் என்பதால் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

தூக்கமும் அப்படியே. பாடு வருகிற வீட்டில் யார் எப்போது தூங்குவார்கள், எப்போது எழுவார்கள் என்று சொல்ல முடியாது. அவன் நான்கு நாள் தூங்காமல் இருந்ததை எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழேயே நீர் ஏற்றத்தையும் எழுதியிருக்கிறேன். இரண்டும் எனக்கு ஒரே மாதிரிச் செய்திகளாக இருந்தன.

ஆடியில் அவன் குளிப்பதை நிறுத்தினான். ஜன்னலில் பழைய வலையை நாலாக மடித்துக் கட்டினான். ஐஸ் கடைக்காரர் தன்னைப் பற்றி எல்லோரிடமும் பேசுகிறார் என்றான்.

"ஏன்யா, அவன் மூஞ்சி அவன் மூஞ்சியா இல்ல" என்றாள் அமுலு.

"கடல் அலுப்பு. சரியாப் பூடும்" என்றேன். அதையும் எழுதியிருக்கிறேன்.

ஆவணியில் மார்க்கெட்டில் ஐஸ் கடைக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டான். போலீஸ்காரர் ஒருவர் அவனை ஆட்டோவில் ஏற்றி, ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனார். நான் பின்னால் ஓடினேன். அங்கிருந்த மருத்துவர் சின்ன வயதுக்காரர், முரட்டு ஆள் இல்லை.

"மார்க்கெட்ல ரகளை சார். மீன்காரப் பையன்" என்றார் போலீஸ்காரர்.

"எவ்ளோ குடிப்பான்?" என்று மருத்துவர் என்னைக் கேட்டார்.

"குடிக்க மாட்டான் சார்."

"நீங்க?"

"கடலுக்குப் போய் வந்தா கொஞ்சம்."

கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வது என் பழக்கம். அவர் சீட்டின் முதல் வரியில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் எழுதினார். மீனவர், குடி. சுவர்க் கடிகாரத்தின்படி மூன்று நிமிடம். ஓர் ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ், சத்து மாத்திரை. மறுநாள் காலை அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு அந்தச் சீட்டுதான் பேசியது, நாங்கள் பேசவில்லை. ஐப்பசியில் ஓரிடம், மார்கழியில் ஓரிடம். இரண்டு இடத்திலும் பழைய சீட்டைக் கேட்டார்கள், வாங்கிப் பார்த்தார்கள், அதையே புதுச் சீட்டில் எழுதிக்கொண்டார்கள். தை மாதம் குடி மறக்கவைக்கும் மையம் ஒன்றில் இருபது நாள் வைத்திருந்தார்கள். ஒரு சொட்டு குடிக்காத பிள்ளை, குடிப்பவர்கள் வட்டமாக உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கும் கூட்டத்தில் தினமும் உட்கார்ந்திருக்கிறான். தன் முறை வந்தபோது என்ன சொல்வது என்று தெரியாமல், பக்கத்தில் இருந்தவர் சொன்னதையே திருப்பிச் சொன்னதாகப் பிறகு சொன்னான்.

அழைத்து வரப் போன அன்று பேருந்தில் என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"நான் குடிக்கலனு நீயாவது சொன்னியா நைனா?"

"சொன்னேன். போன எடத்துலல்லாம் சொன்னேன்."

"எழுதிக் குடுத்தியா?"

எழுதிக் கொடுக்கவில்லை. ஊரில் யாருக்கு எந்தப் பாடு என்பதை வாய்ச்சொல்லாக நான் ஒருநாளும் விட்டதில்லை.

வழி காட்டியது அமுலுவின் மீன் கூடை. அவள் மீஞ்சூர் ரயில் நிலையத்துக்கு வெளியே மீன் விற்கிறாள். அவளிடம் வாரம் இருமுறை வாங்கும் ஒரு சிஸ்டர், அனுப்பம்பட்டிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய் மனநல மருத்துவமனையில் வேலை செய்பவர். ஆனி மாதத்தில் ஒருநாள் அமுலு சங்கரா மீனை ஆய்ந்துகொண்டே அழுதிருக்கிறாள். என்னவென்று கேட்ட சிஸ்டர், கடைசியில், "அக்கா, இது குடி இல்ல. நாளைக்கே கூட்டினு வாங்க. வீட்டுல இருக்கற எல்லாப் பேப்பரும் எடுத்துனு வாங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சிஸ்டர் வேறு யாரிடமாவது மீன் வாங்குபவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிப்பதுண்டு. யோசித்து முடிப்பதில்லை.

மறுநாள் போக முடியவில்லை. தினகரன் வீட்டை விட்டு வரச் சம்மதிக்கப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளில் என் நாட்குறிப்பிலிருந்து அவனைப் பற்றிய வரிகளை மட்டும் நாற்பது பக்கத்து நோட்டு ஒன்றில் வரிசையாக எழுதினேன்.

வெளிநோயாளிப் பிரிவில் எங்கள் டோக்கன் அறுபத்து மூன்று. பச்சைப் பெஞ்சுகள் நான்கு வரிசை. தினகரன் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார மறுத்தான், மூன்று முறை இடம் மாறினோம். எங்களுக்கு முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் எதுவும் கேட்காமல் எழுந்து சுவரோர இடத்தைக் கொடுத்தார். நான்கு மணி நேரம்.

உள்ளே ஒரு டாக்டரம்மா, முப்பத்தைந்து வயது இருக்கும். பழைய சீட்டுகளைப் பார்த்தார். பேனா புதுத் தாளின் முதல் வரிக்குப் போனது. நான் நோட்டை அவர் கைக்கு அடியில் நகர்த்தினேன்.

"என்ன இது?"

"பதினாலு மாசம் டாக்டர். தேதி வாரியா இருக்குது. அவன் குடிச்சதா ஒரு நாள் கூட இல்ல. நான் குடிச்ச நாளு தனியா எழுதியிருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு படிக்கத் தொடங்கினார். பதினெட்டு நிமிடம் படித்தார். இடையில் இரண்டு முறை தினகரனிடம் மெதுவாக எதையோ கேட்டார். "இதை ஏன் முன்னாடி எங்கயும் காட்டல?" என்றார்.

"யாரும் கேக்கல. நானும் நெனைக்கல."

இளவயதில் முதல் முறையாக இந்த நோய் வருபவர்களுக்கென்று அங்கே ஒரு தனி வார்டு இருந்தது. பன்னிரண்டு கட்டில்கள்தான். குடி என்று எழுதப்பட்டவர்களுக்கு அங்கே இடமில்லை, அவர்களுக்கு வேறு கட்டடம். அந்தச் சொல்லை மாற்றப் பெரிய டாக்டரின் கையெழுத்து வேண்டும் என்றார். என் மகன் எந்தக் கட்டடத்துக்குப் போவான் என்பது அந்தச் சொல்லில் இருந்தது.

பெரிய டாக்டர் அன்பானவர். என் தோளில் கை வைத்து, "உங்க பக்கம் பசங்க குடிக்காம இருப்பாங்களாப்பா? மறைக்காதீங்க, நல்லதுக்குத்தான் கேக்கறேன்" என்றார். முதல் மருத்துவர் எழுதியதைவிட அந்த அன்பு எனக்கு அதிகம் வலித்தது. டாக்டரம்மா ரத்தம், சிறுநீர், ஈரல் சோதனை, தலைக்கு ஸ்கேன் எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் எதற்கு என்றேன். மூளையில் கட்டியோ வேறு கோளாறோ இருந்தாலும் இப்படி வரலாம், அது இல்லை என்று பார்க்க வேண்டும் என்றார். இரண்டு நாள் ஆனது. குடியின் தடம் எதிலும் இல்லை. பெரிய டாக்டர் தாள்களையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழைய சொல்லின் மேல் நேராக ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டார். நோட்டைத் திருப்பித் தரும்போது இரண்டு கையாலும் தந்தார்.

நோயின் பெயர் சைக்கோசிஸ். டாக்டரம்மா விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். நாம் நினைப்பது நமக்குள் நடக்கிறது என்று மூளைக்குத் தெரியும். இந்த நோயில் அந்த அறிவு தப்பிவிடுகிறது. உள்ளே எழுவது வெளியிலிருந்து வரும் குரலாகக் கேட்கிறது. காது பொய் சொல்லவில்லை. அதனால்தான் அவனிடம் "அப்படி ஒன்றும் கேட்கவில்லை" என்று வாதாடுவதில் பயனில்லை. மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்றாகப் பலன் தரும்.

"நாங்க லேட்டா?" என்றேன்.

"லேட்டுதான். ஆனா கெட்டுப்போயிடல" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் ஆதித்யா என்ற பையன். சென்னைக்காரன், பெரிய கல்லூரி. வகுப்பில் தனியாகப் பேசுகிறான் என்று கல்லூரியின் மனநல ஆலோசகர் மூன்றாவது வாரமே கவனித்திருக்கிறார். நான்காவது வாரம் ஒரு மருத்துவரின் கடிதத்தோடு காரில் வந்து சேர்ந்துவிட்டான். அவனிடம் யாரும் குடிப்பாயா என்று முதலில் கேட்கவில்லை. அவன் அம்மா நல்ல மனுஷி. முதல் நாள் ஃபிளாஸ்க்கிலிருந்து எங்களுக்கும் காபி ஊற்றிவிட்டு, "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?" என்றார். தெரியவே பதினான்கு மாதம் ஆனது என்றேன். ஏன் அவ்வளவு நாள் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எங்களை யாரும் நிறுத்தி வெக்கலையே" என்றார்.

அவர்கள் வீட்டில் மீன் சேர்ப்பதில்லை. ஆனால் அமுலு கொண்டுவந்த இறால் தொக்கில் பாதியை ஆதித்யா தின்றது எனக்கும் தினகரனுக்கும் தெரியும். அவன் அம்மாவுக்கும் தெரியும் என்று பிறகு தெரிந்தது. ஒருநாள் அமுலுவைத் தனியாக அழைத்து, "அடுத்த தடவை கொஞ்சம் அதிகமா கொண்டு வாங்க, நான் அப்பதான் வெளிய காபி வாங்கப் போவேன்" என்றாராம்.

முதல் பத்து நாட்கள் கடினமாக இருந்தன. மருந்தால் தினகரனுக்குக் கை விறைத்தது, வாயோரம் எச்சில் வடிந்தது. தட்டிலிருந்து சோறு எடுக்க முடியாமல் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் பயந்து டாக்டரம்மாவிடம் ஓடினேன். அது மருந்தின் வேலை, குறைக்கலாம் என்று குறைத்தார். வேறொரு சின்ன மாத்திரை சேர்த்தார். இரண்டாவது நாள் விறைப்பு தளர்ந்தது. இரவு வார்டில் நான் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தேன். அவன் குரல்களுக்குப் பதில் சொல்லும் முணுமுணுப்பு மேலே கேட்கும். எத்தனை முறை என்று எண்ணுவேன். எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்தது.

ராஜி எங்கள் பாடு நாட்களில் எனக்கும் சேர்த்துத் தானே வலை விட்டான். ஞாயிறுகளில் வருவான். அவனால் மருத்துவமனையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

"இன்னாடா மருமகனே, நீ இல்லாம நான் எங்க போவுறது, மீனு எங்க போவுதுன்னே தெர்ல. பேஜாராகீது."

"நான் சொன்னதுல பாதி நாளு மீனே இல்ல மாமா" என்றான் தினகரன்.

ராஜி வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதான். பதினான்கு மாதத்தில் தினகரன் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் முறை.

பத்தொன்பதாம் நாள் மதியம், சாப்பிட்டு முடித்துப் படுத்திருந்தவன் மேலே பார்த்தபடி, "நைனா, ஃபேன் சத்தம் மட்டுந்தான் கேக்குது" என்றான். நான் அதை உடனே எழுதவில்லை. ஒரு மணி நேரம் பொறுத்து மறுபடி கேட்டுவிட்டு எழுதினேன்.

ஆதித்யா பதினாறாம் நாள் வீட்டுக்குப் போனான். எங்களுக்கு நாற்பத்தொன்று. பொறாமைப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். கணக்கிட்டேன்.

இப்போது கார்த்திகை. தினகரன் இரவில் ஒரு மாத்திரை, காலையில் அரை மாத்திரை போடுகிறான். மாதம் ஒருமுறை ரயிலில் போய் வருகிறோம். எட்டு கிலோ எடை கூடியிருக்கிறான். ராஜி அவனை உருட்டுக் கட்டை என்கிறான். ஜன்னலில் வலை இல்லை. பகலில் படகுக்கு வருகிறான். இரவில் பாடு வந்தால் நான் அழைப்பதில்லை, தூக்கம் கெடக் கூடாது. அமுலு வாசலில் உட்கார்ந்து கூடை கழுவும்போது பாடத் தொடங்கியிருக்கிறாள். நான் அறிந்தவரை அவளுக்குப் பாட வராது. கேட்க நன்றாக இருக்கிறது.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் மருத்துவமனையில் இருந்தபோது நடந்த ஒன்றை எழுத வேண்டும். இருபத்தேழாம் நாள், நோய் தொடங்கிய காலத்தை இன்னும் சரியாகக் குறிக்க வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டதால், முழு நாட்குறிப்பையும் ராஜியிடம் கொண்டுவரச் சொல்லி முதலிலிருந்து படித்தேன். தினகரனுக்கு நோய் தொடங்குவதற்கு முந்தைய பங்குனியில் ஒரு வரி இருந்தது. "ஏரிக்கரையில் இருளர் பையன் காத்தவராயன் தனியாகப் பேசிக்கொண்டு நின்றான். காலையிலேயே குடி."

காத்தவராயன் ஏரியில் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவன். தினகரனைவிட இரண்டு வயது மூத்தவன் இருப்பான். நான் அன்று அவன் பக்கத்தில் போகவில்லை, வாசனை பிடிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. என் கையெழுத்து அழகாக இருந்தது.

வீடு திரும்பிய நான்காம் நாள் இருளர் குடியிருப்புக்குப் போனேன். ஊரிலிருந்து அரைக் கல் தூரம். அவ்வளவு வருடத்தில் அங்கே இரண்டு முறைதான் போயிருக்கிறேன். அவன் அக்கா பொன்னம்மா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னா ஐயா, எதுனா திருட்டுப் பூடுச்சா?"

இல்லை என்றேன். தம்பி எப்படி இருக்கிறான் என்றேன். அவள் நம்பவில்லை.

"குடிக்கிறானா?"

"குடிக்கறானா? அவனுக்குச் சோறே எறங்கல. ரெண்டு வருஷம் ஆவப்போவுது. நாங்க யாராண்ட போய்ச் சொல்றது?"

முதல் முறை என்னை வெளியிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிட்டாள். அடுத்த முறை அமுலுவை அழைத்துக்கொண்டு போனேன். மூன்றாம் முறை தினகரன் தானாகவே கூட வந்தான். காத்தவராயனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் கேட்டுச்சு. ரொம்ப கஷ்டமாயிருக்கும்" என்றான். காத்தவராயன் முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தான். மறுவாரம் கிளம்பினோம். திருப்பாலைவனம் வழியாகப் பேருந்தில் பொன்னேரி, அங்கிருந்து ரயில். பொன்னம்மா சொல்லச் சொல்ல அவள் தம்பியின் இரண்டு வருடத்தை ஒரு புது நோட்டில் நான் எழுதியிருந்தேன். எனக்கு எதுவும் தெரியாததால் எல்லாவற்றையும் அவளிடமே கேட்க வேண்டியிருந்தது.

அதே டாக்டரம்மா. புதுத் தாள். பெயர், வயது, ஊர் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் பாடு வரிசையில் பெயர் உள்ள வீடுகள். அந்த வரிசையை எழுதுபவன் நான். காத்தவராயனின் வீடோ அந்தக் குடியிருப்பில் வேறு எந்த வீடோ அதில் இல்லை.

"ஒரே ஊரு டாக்டர்" என்றேன்.

பொன்னம்மா மெதுவாகத் திரும்பி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஒரே ஊருன்றாரு. சரி, எழுதிக்கோங்கம்மா" என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, தம்பியின் சட்டையில் விட்டுப்போயிருந்த மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.